நெய்யாற்றின் கரையில் அறிவைத் தேடியவர்
(நாராயண குரு சரிதம்)

அகத்தியமலையில் தோன்றும் நெய்யாறு, நெய்யாற்றின்கரை நகரைத் தொட்டுச் சென்று பூவாற்றில் கடலோடு கலக்கின்றது. அக்கழிமுகத்தின் தென்பால் உள்ள கடற்கரை ஊர் பொழியூர். அலைகள் குவிக்கும் மணல் ஆற்றின் வாயை அடைப்பதும், வெள்ளம் மிகும்போது அம்மணல் உடைந்து நீருக்கு வழிவிடுவதுமாகிய இடத்தை அந்நாட்டார் பொழி என வழங்குவர். பொழியூரும் பாறசாலையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் முன்பு எல்லை ஊர்கள் அல்ல. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தபோதுதான் எல்லைக்கோடு அவற்றின் வாயிலுக்கு வந்தது. கோடு வந்த பின்னும் பேச்சு பிரிந்துவிடவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும் நிலம் அது.

பண்டு இது ஆய் மன்னரின் நாடு. இதற்கு அண்மையிலுள்ள சிதறால் மலையில் சமண முனிவரின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் திருமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் ஈந்த செய்தியைப் பாலியம் செப்பேடு கூறுகின்றது. பள்ளிகள் மறைந்தன. அவற்றை நினைப்பாரும் மறைந்தனர். அவை நின்ற நிலத்தில் பிற்காலத்தே தீண்டாமையும் காணாமையும் குடிபுகுந்தன. ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என அளந்து வைத்த நாடு திருவிதாங்கூர். அந்நாட்டில், இதே நெய்யாற்றின் கரையில் அமர்ந்து, நான் என்பது யாது என்று உள்ளே தேடியவர் நாராயண குரு.

அவர் சரிதத்தை நம் அன்பர்களுக்குச் சொல்லப் புகும்போது ஒரு தடை எழுவதை நாம் மறைக்கப் போவதில்லை. நாராயண குரு பௌத்தரல்லர். எண்ணங்களுக்கு அப்பால் அறிவாய் ஒளிரும் ஆன்மா ஒன்று உண்டு என்று பாடியவர். நாமோ பகவான் புத்தரின் அநாத்ம நெறியைச் சரணடைந்தோர். எண்ணங்களை நீக்கினால் எஞ்சும் அறிவே உண்மையான நான் என்று பெரியோர் பலர் கூறியிருக்க, நான் என ஒன்றில்லை என்னும் மதத்தில் விடுதலை அடைவது யார் என்று அயலார் நம்மை வினவுகின்றனர். புதிதாகத் தம்மத்துக்கு வந்தவர் சிலர் இவ்வினாவின் முன் நாவெழாமல் நிற்பதும் உண்டு. வினாவை வாதத்தால் எதிர்கொள்வதைவிட, அவ்வறிவைத் தேடி வாழ்ந்த ஒருவரின் வாழ்வைப் பார்த்து எதிர்கொள்ளுதல் நன்று என்று எண்ணுகின்றோம்.

திருவனந்தபுரத்துக்கு அண்மையிலுள்ள செம்பழந்தி என்னும் சிற்றூரில், வயல்வாரம் என்னும் இல்லத்தில், 1856-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். 1855 என்பாரும் உளர். தந்தையார் மாடன் ஆசான், தாயார் குட்டியம்மை. குலம் ஈழவர் குலம். அக்குலத்தார்க்கு அரசாங்கத்தின் கோயில்களில் நுழைவு இல்லை. அலுவலகங்களில் இடம் இல்லை. எனினும் அவர்களுள் வைத்தியமும் சோதிடமும் வடமொழியும் கற்ற குடும்பங்கள் இருந்தன. நாணு என அழைக்கப்பட்ட இச்சிறுவனின் மாமன் கிருஷ்ணன் வைத்தியர் அத்தகையோருள் ஒருவர்.

நாணுவின் இளமையைப் பற்றி இரு நிகழ்ச்சிகள் சொல்லப்படுகின்றன. உறவினர் ஒருவர் இறந்தபோது வீடெல்லாம் அழுதது. சில நாட்களில் அழுதவர் யாவரும் சிரித்துப் பேசி இருந்தனர். சிறுவனைக் காணவில்லை. தேடியபோது காட்டுப்புதர் ஒன்றில் தனியே அமர்ந்திருந்தான். நேற்று தாங்க முடியாததாய் இருந்த துயரம் இன்று எங்கே போயிற்று என்பதே அவனை அங்கே கொண்டுசென்ற கேள்வி. மற்றொன்று, தீண்டத்தகாதோர் எனப்பட்டவரைத் தொட்டுவிட்டு ஓடிவந்து, ஆசாரத்தில் உறுதியுடைய மாமனையும் தொட்டுவிடுவானாம். குறும்பு என்று இதைக் கடந்துவிடலாம். தொட்ட கையும் தொடப்பட்ட உடலும் முன்போலவே இருக்க, மாறியது மாமனின் எண்ணம் ஒன்றே என்பதைச் சிறுவன் கண்டுகொண்டான் போலும் என நமக்குத் தோன்றுகிறது. எழுவதும் மறைவதுமாகிய துயரம், எங்கும் இல்லாமல் எண்ணத்தில் மட்டும் இருக்கும் தீட்டு: இவ்விரண்டையுமே அவர் பின்னர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார்.

காயங்குளத்தை அடுத்த புதுப்பள்ளியில் கும்மம்பள்ளி இராமன் பிள்ளை ஆசானிடம் வடமொழி கற்றார். நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பினார். சிறுவர்க்கு எழுத்தறிவித்து நாணு ஆசான் எனப் பெயர் பெற்றார். உற்றார் மணம் முடித்து வைத்தனர். இல்லறத்தில் அவர் மனம் நிற்கவில்லை. பிரிந்து சென்றார். இவ்வளவே அப்பகுதியின் செய்தி.

அதன் பிறகு அவர்க்குக் கிடைத்த கூட்டுறவுகள் இரண்டு. ஒருவர் சட்டம்பி சுவாமிகள். மற்றவர் திருவனந்தபுரத்துத் தைக்காட்டில் வாழ்ந்த அய்யாவு சுவாமிகள். பின்னவர் தமிழர், ஆங்கிலேய ரெசிடெண்டின் மாளிகையில் மேலாளராக ஊதியம் பெற்றுக்கொண்டே யோகம் பயிற்றிய இல்லறத்தார். சாதி பாராமல் மாணவரை ஏற்றவர். நாணு ஆசான் யோக முறைகளை இவரிடம் பயின்றார். தமிழ் நூல்களும் அவர்க்கு நன்கு பழகின. பிற்காலத்தில் கண்ணுடைய வள்ளலாரின் ஒழிவிலொடுக்கத்தை மலையாளத்தில் பெயர்த்தார். திருக்குறளின் ஒரு பகுதியையும் பெயர்த்தார். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் இயற்றினார். எனவே அவரைத் தமிழர்க்கு அயலார் என்று நாம் ஒருபோதும் சொல்லுவதற்கில்லை.

பின்னர்த் தனிமையை நாடினார். நாகர்கோயிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே மருத்துவாமலை என்றொரு குன்று உளது. மருந்துவாழ்மலை என்றும் கூறுவர். அதன் உச்சியை அடுத்த பிள்ளைத்தடம் என்னும் குகையில் தங்கித் தவமியற்றினார். அங்கிருந்து பார்த்தால் ஒருபால் வயலும் ஏரியும், மறுபால் கடலும் தோன்றும். இலையும் கிழங்கும் உணவு. மலையினின்று இறங்கியபோது தென்திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் அலைந்தார். மீனவர் குடிசையிலும் முஸ்லிம் இல்லத்திலும் ஈந்ததை உண்டார். எக்குலத்தார் சமைத்தது என்று கேட்கவில்லை. பிறந்த குலத்தின் பெயரைச் சொல்லி எவரும் அவரை அழைக்கவும் அங்கே காரணமில்லை. பெயரற்றவராய்த் திரிந்த இவ்வாண்டுகள்தாம் குகையில் இருந்த நாட்களைவிடப் பெரிய தவம் என்பது நம் கருத்து. உள்ளே நான் எனும் எண்ணத்தை ஆராய்ந்தவர்க்கு, வெளியே அந்த நானுக்குப் பிறர் சூட்டிய பட்டங்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.

இறுதியில் நெய்யாற்றின்கரைக்குச் சில மைல் தொலைவில், ஆறு பாறைகளின் மீது இறங்கி ஒலிக்கும் அருவிப்புறத்தில் அமர்ந்தார். எதிரே கொடிதூக்கிமலை. அங்கும் ஒரு குகை. மக்கள் கண்டுகொண்டனர், நோயைச் சொல்லவும் வழக்கைச் சொல்லவும் வந்தனர். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில், ஆற்றின் சங்கரன்குழி என்னும் ஆழமான மடுவில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து, பாறை ஒன்றின் மேல் சிவலிங்கமாக நிறுவினார். பல நாழிகை அக்கல்லை ஏந்தியவாறே கண்ணீர் பெருக நின்றார் என்பர். பிராமணரல்லாதார், அதிலும் கோயிலுக்குள் நுழைய விலக்கப்பட்ட குலத்தார் ஒருவர், தெய்வத்தை நிறுவலாமா என்று வினவியோர்க்கு, தாம் நிறுவியது ஈழவரின் சிவனே என்னும் பொருள்பட விடையிறுத்தார். வந்தவர் மறுமொழி இன்றிச் சென்றனர். சாதி வேற்றுமையும் மதப்பகையும் இன்றி யாவரும் உடன்பிறந்தார்போல் வாழ்வதற்கு இது முன்மாதிரியான இடம் என்னும் கருத்தை அங்கே எழுதுவித்தார்.

நாம் உருவ வழிபாட்டைப் போற்றுவோர் அல்லோம். ஆயினும் அக்கல்லை வெறும் கல்லென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அதுவரை அவ்வாற்று நீரைத் தொட்டால் நீர் தீட்டாகும் என்று சொல்லப்பட்ட கை, அதே ஆற்றிலிருந்து எடுத்த கல் அது.

அருவிப்புறத்தில் கூடிய சிறு சங்கம் வளர்ந்து, 1903-ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண தரும பரிபாலன யோகம் ஆயிற்று. மருத்துவம் கற்றும் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூரில் பணியாற்றிய டாக்டர் பல்பு அதற்கு உறுதுணை. 1896-ஆம் ஆண்டில் 13,176 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை அரசருக்கு அனுப்பியவரும் அவரே. யோகத்தின் முதற் செயலாளர் குமாரன் ஆசான். ஆர்னால்டின் ஆசிய ஜோதியை மலையாளத்தில் பெயர்த்தவர். 1922-ஆம் ஆண்டில் சண்டாள பிக்ஷுகியும், 1923-ஆம் ஆண்டில் கருணையும் பாடியவர். ஆனந்தரிடம் நீர் ஈந்த மாதங்கி மங்கையின் கதையும், உபகுப்தரின் முன் கிடந்த வாசவதத்தையின் கதையும் கேரளத்து வீடுகளில் ஓதப்பட்டது இவரால். குருவின் நிழலிலேயே நம் தம்மத்தின் கதைகள் மீண்டும் அந்நாட்டில் முளைத்தன என்பது கருதத்தக்கது.

இனி நம் பொருளுக்கு வருவோம். 1897-ஆம் ஆண்டளவில் குரு ஆத்மோபதேச சதகம் என்னும் நூறு செய்யுள் கொண்ட நூலை மலையாளத்தில் இயற்றினார். அறிவு என்ற பெயரிலேயே பதினைந்து செய்யுள் கொண்ட சிறு நூல் ஒன்றும் செய்தார். அறிவு என்னும் சொல் நமக்கும் அவர்க்கும் பொது. வடமொழியில் எத்தனையோ சொற்கள் இருக்க, உழவனும் வலைஞனும் அறிந்த இச்சொல்லை அவர் எடுத்துக்கொண்டது தற்செயல் அன்று.

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தார். மெய், வாய், மூக்கு, கண், செவி என்பன ஐந்து, மனம் ஆறாவது. நம் தம்மத்திலும் மனம் ஆறாம் வாயிலே. கண்ணுக்கு உருவம் புலனாவது போல மனத்துக்கு எண்ணம் புலனாகின்றது. இங்கே குரு ஒரு படி மேலே செல்கிறார். விழிக்க வேண்டும், உறங்க வேண்டும், உண்ண வேண்டும், அது வேண்டும், இது வேண்டும் என எண்ணங்கள் இடையறாது எழுகின்றன. இவற்றுள் மூழ்கியவர்க்கு, மாறாமல் நிற்பதை அறிய நேரம் ஏது என்று வருந்துகிறார். விழித்துச் சிதறுவதும் வேண்டா, உறங்கி மயங்குவதும் வேண்டா, அறிவாய் இருத்தலே வேண்டும் என்று வழி சொல்லுகிறார். எண்ணம் அறியப்படுவது, அறியப்படுவது எதுவோ அது நான் அன்று, அறிவதே நான். சுருங்கச் சொன்னால் இதுவே அவர் துணிபு.

அவர் காட்டும் உவமை ஒன்று யாவர்க்கும் விளங்கும். இருள் நிறைந்த அறையில் ஒருவர் இருக்கிறார். அங்கிருப்பது யார் என மற்றவர் வினவுகிறார். நான் என்று விடை வருகின்றது. விடை தந்தவர் திருப்பி வினவ, அவர்க்கும் நான் என்றே விடை கிடைக்கின்றது. விளக்கை ஏற்றினால் உடல் தெரியும், நிறம் தெரியும், ஆடை தெரியும், குலமும் விசாரிக்கப்படும். இருளில் இருவர்க்கும் விடை ஒன்றே. அவ்வாறு ஒன்றாய் இருப்பதை அறி என்கிறார் குரு. இன்னோரிடத்தில், குடம் இது என்று சொல்லும்போது இது என்பது வேறு, குடம் என்பது வேறு எனப் பிரித்துக் காட்டுகின்றார். குடம் என்னும் பெயர் நம் எண்ணம். சாதிப்பெயரும் அத்தகையதே என்று அவர் அங்குச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் வாழ்வு சொன்னது. 1916-ஆம் ஆண்டில், தாம் சாதிமத வேற்றுமையை விட்டுச் சில ஆண்டுகள் ஆயின என்றும், தம்மை ஒரு குலத்தின் குருவாக எண்ணுவது பிழை என்றும் வெளிப்படையாக அறிவித்தார். தம்மைத் தெய்வமாய்ப் போற்றிய குலத்தாரிடமே இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

இப்பொழுது பௌத்தர் என்ற நிலையில் நாம் என்ன சொல்லுவோம்? இருட்டறை உவமையை நாகசேனத் தேரரிடம் எடுத்துச் சென்றால், அவர் மிலிந்த மன்னனுக்குக் காட்டிய தேரைக் காட்டியிருப்பார். சக்கரமும் அச்சும் நுகமும் கூடிய கூட்டத்துக்குத் தேர் என்று பெயர். அப்பெயருக்குள் தேர் என வேறொரு பொருள் ஒளிந்திருக்கவில்லை. அதுபோல் இருவர் வாயிலும் நான் என்னும் ஒரே சொல் வந்தமையால், இருவரிலும் ஒரே பொருள் உண்டு என்று முடிவு செய்தல் பொருந்தாது. மேலும் மணிமேகலை ஐந்து கந்தங்களை எண்ணும்போது உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை ஆகியவற்றுக்குப் பின் ஐந்தாவதாக வைப்பது உள்ள அறிவையே. குரு எதை ஆன்மா என்றாரோ, அதே அறிவு என்னும் சொல்லால் சாத்தனார் ஒரு கந்தத்தைக் குறித்தார். கந்தம் என்றால் சார்பில் தோன்றி மறைவது; என்னுடையது என்று பற்றத் தகாதது. இசிபதனத்தில் ஐவர்க்கு அநாத்ம இலக்கணத்தை உரைத்த பகவான், உருவை மட்டுமன்று, அறிவையும் நான் எனக் கொள்ளாதீர் என்றே விலக்கினார். கண்ணைச் சார்ந்து ஓர் அறிவு, செவியைச் சார்ந்து ஓர் அறிவு, மனத்தைச் சார்ந்து ஓர் அறிவு எனத் தோன்றுமேயன்றி, எல்லாவற்றுக்கும் பின்னால் தனியே அமர்ந்த அறிவோன் ஒருவன் இலன்.

வேற்றுமை மெய்யானது; அதை மழுப்புவதால் குருவுக்கும் பெருமையில்லை, நமக்கும் இல்லை. ஆனால் வேற்றுமை எந்த இடத்தில் தொடங்குகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். எண்ணம் எழுகிறது, அதை எண்ணம் என்று அறி, அதனோடு போகாதே என்னும் வரையில் இரு நெறியும் ஒரே பாதை. சதிபட்டானத்தில் பகவான் கற்பித்த சித்தானுபசனை இதுவே: ஆசையுடைய சித்தத்தை ஆசையுடையது என்றும், வெறுப்புடைய சித்தத்தை வெறுப்புடையது என்றும் அறிந்திருத்தல். மேற்குக் கரையின் சுப்பாரகத் துறையினின்று சாவத்தி வரை நடந்துவந்த பாகியர், பிச்சைக்குச் சென்றுகொண்டிருந்த பகவானை வழிமறித்து உபதேசம் கேட்டார். காண்பதில் கண்டது மட்டும், கேட்பதில் கேட்டது மட்டும் இருக்கப் பழகினால், அதனுள் நீ என்று ஒருவன் இரான் என்பதே அவர்க்குக் கிடைத்த சுருக்கமான போதனை. குரு அந்த அறிவில் தங்கி அதையே வீடாகக் கொண்டார். பகவான் அவ்வீட்டின் கூரையையும் பிரித்துவிட்டார். விடுதலை அடைவது யார் என்னும் வினாவுக்கும் இங்கேதான் விடை. அடைபவன் ஒருவன் உண்டு என்னும் பற்று நீங்குவதே அங்கு விடுதலை. விளக்கு அணைந்தபோது சுடர் எத்திசை சென்றது என்று எவரும் தேடுவதில்லை.

நம் பண்டிதர் அயோத்திதாசரின் வரலாறும் இங்கு நினைவுக்கு வருகின்றது. 1845-ஆம் ஆண்டில் பிறந்த அவர் குருவுக்குச் சில ஆண்டுகளே மூத்தவர். அவரும் தொடக்கத்தில் அத்வைதியே; நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவியவர். எல்லாம் ஒன்று என்று ஓதுவோர் தெருவில் மட்டும் இரண்டாய்ப் பிரிந்து நடப்பதைக் கண்டு, 1898-ஆம் ஆண்டில் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, சாக்கைய பௌத்த சங்கத்தைச் சென்னையில் தொடங்கினார். குருவோ அத்வைதத்தை விட்டு நீங்காமல், ஒன்று என்று ஓதுவோர் ஒன்றாய் நடக்கும்படி செய்ய முயன்றார். ஒருவர் வீட்டை விட்டு வெளியேறினார். மற்றவர் அவ்வீட்டின் கதவுகளைக் கழற்றினார். எது சிறந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கதவைக் கழற்றியவரின் உழைப்பைக் குறைத்துப் பேச நாம் ஒருப்படோம்.

1916-ஆம் ஆண்டில் குரு திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைக் கண்டார். நான் யார் என்று உள்நோக்கி வினவும் வழியைத் தமிழ்நாட்டில் பரப்பியவர் இரமணர் என்பது யாவரும் அறிந்ததே. இருவர்க்கும் இடையே பேச்சு மிகுதியாக நிகழவில்லை. இருவரும் அறிவென்னும் ஒரே இடத்தில் நின்றவர். ஆயின் ஒருவர் மலையை விட்டு அகலவில்லை, மற்றவர் ஊர் ஊராய் அலைந்து பள்ளிக்கூடம் கட்டினார். 1918-ஆம் ஆண்டிலும் 1926-ஆம் ஆண்டிலும் குரு இலங்கைக்குச் சென்றார். 1924-ஆம் ஆண்டு ஆலுவாயில் சர்வமத மகாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்கன்று, அறியவும் அறிவிக்கவுமே கூடியுள்ளோம் என்னும் கருத்தை வாயிலில் எழுதி வைக்கச் செய்தார். மதங்களைப் பற்றிச் சண்டையிடுவோர், யானையைத் தடவிப் பார்த்த குருடர் போன்றவர் என்பது சதகத்தில் அவர் ஆண்ட உவமை. அவ்வுவமை நம் உதானத்தில் பகவான் சாவத்தியில் கூறிய கதையாக உள்ளது என்பதை அன்பர்கள் அறிவர்.

அக்காலத்தில் ஈழவருள் பலர் இந்து சமயத்தை விட்டுவிட எண்ணினர். மிதவாதி கிருஷ்ணன் பௌத்தம் தழுவினார். சகோதரன் அய்யப்பன் புத்த தம்மத்தில் பெரிதும் ஈடுபட்டவர். 1917-ஆம் ஆண்டில் செறாயில் புலையரோடு அமர்ந்து உண்டு பெரும் எதிர்ப்பைத் தாங்கியவர். அய்யப்பன் மதமாற்றம் பற்றிக் குருவிடம் வினவியபோது, மதம் எதுவாயினும் மனிதன் நல்லவனாதலே வேண்டுவது என்னும் பொருள்பட அவர் கூறினார். மாறவேண்டாம் என்று தடுக்கவில்லை. மாறினாற் போதும் என்றும் சொல்லவில்லை. இவ்விடை நம்மவர் சிலர்க்குக் கசக்கும். பெயர் மாறிய பின்னும் உட்சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் வீடு நம்மிடையே இருக்குமாயின், கசப்பது மருந்தென்று விழுங்குவதே முறை.

அவர் நிறுவியவை காலப்போக்கில் மாறிவந்ததைக் காண்க. 1888-இல் கல். 1912-இல் சிவகிரியில் கல்வியின் உருவாகச் சாரதை. பின்னர்த் திருச்சூர்ப் பக்கத்துக் காரமுக்கில் உருவமே இன்றி ஒரு விளக்கு. 1922-இல் முருக்கும்புழையில் சத்தியம், தருமம், தயை, சாந்தி என்னும் சொற்கள் பொறித்த தகடு. 1927-ஆம் ஆண்டில் சேர்த்தலையை அடுத்த களவங்கோடத்தில், இளைஞர் சிலர் உருவப் பிரதிட்டை கூடாது என்று மறுத்தனர். குரு சினவாமல் ஒரு நிலைக்கண்ணாடியைத் தருவித்தார். பின்புறத்து ரசத்தைச் சுரண்டி ஓம் என்னும் எழுத்துத் தெரியுமாறு செய்து, அதையே கருவறையில் நிறுவினார். கும்பிட வந்தவன் தன் முகத்தையே கண்டான்.

எல்லைப்புறத்து அன்பர்களுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. மருத்துவாமலையினின்று நெடுந்தொலைவில்லாத சாமித்தோப்பில், 1851-ஆம் ஆண்டில் மறைந்த அய்யா வைகுண்டரின் பதியில் கண்ணாடியின் முன் நின்று வணங்குவது வழக்கம். நிழல்தாங்கல்களிலும் அவ்வாறே. முலைவரியும் தலைவரியும் செலுத்தி, தலைப்பாகை கட்டவும் உரிமையற்றிருந்த மக்கள், கண்ணாடியில் தம் முகத்தைத் தலைப்பாகையோடு கண்டு வணங்கிய நிலம் அது. உன்னைப் பார் என்று சொல்வது, பட்டினியறியாத ஞானிகளின் பொழுதுபோக்கு அன்று. உன்னைப் பார்த்தால் எனக்குத் தீட்டு என்று சொல்லப்பட்டவனிடம் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. பகவான் நமக்குத் தருவது இதற்கும் அடுத்த படி: கண்ணாடியில் தெரியும் முகத்தையும் நான் என்று பற்றாதே என்பது. ஆனால் முகமே மறுக்கப்பட்டவன் முதலில் அதைக் காண வேண்டும் அன்றோ? கண்டபின் அன்றோ விடுவது?

வைக்கத்துப் போராட்டம் நடந்த காலத்தில், 1925-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், காந்தியடிகள் சிவகிரிக்கு வந்து குருவைக் கண்டார். அதற்கு முன்பே, 1922-ஆம் ஆண்டில், இரவீந்திரநாத தாகூர் வந்து சென்றார். அவற்றை விரித்தெழுதுவோர் பலர் இருத்தலின் நாம் விரிக்கவில்லை. இறுதிக் காலத்தில் குரு நோயால் பெரிதும் துன்புற்றார். 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், வர்க்கலையை அடுத்த சிவகிரியில் காலமானார். அவர் உடல் அக்குன்றின் மேலேயே அடக்கம் செய்யப்பட்டது.

பொழியூர், பாறசாலைப் பக்கங்களில் வாழும் அன்பர்கள் அருவிப்புறம் செல்ல வேண்டுமாயின் நெய்யாற்றின்கரை வரை சென்று, அங்கிருந்து ஆற்றின் போக்குக்கு எதிராகச் சில மைல் போதல் வேண்டும். மருத்துவாமலைக்கு நாகர்கோயில் வழியே கன்னியாகுமரிச் சாலையில் செல்லலாம். குகைக்கு ஏறும் பாதை செங்குத்தானது, வெயிலுக்கு முன் ஏறிவிடுதல் நலம். அறிவு என்னும் பதினைந்து செய்யுளைத் தமிழ் மட்டும் அறிந்தவரும் சிறிது முயன்றால் படித்துணரலாம். படிப்போர் அதனருகில் மணிமேகலையின் முப்பதாம் காதையையும் வைத்துக்கொண்டு படிப்பாராக.